பரணில் இருக்கும் பிலிம் கேமராக்களைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள்: போட்டோகிராபர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மாவட்டந்தோறும் இருக்கிற போட்டோகிராபர் சங்க நிர்வாகிகளுக்கும், ஸ்டூடியோ நடத்திய, இன்றும் நடத்துகிற அண்ணன்மார்களுக்கும்,

வணக்கம்.

ஆயுதபூஜைக்கு முதல் நாள் அதைப் பரணிலிருந்து இறக்குவீர்கள். துணியால் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, டிஜிட்டல் கேமராவுக்கும் பிரிண்டருக்கும் பக்கத்தில் வைத்துச் சூடம் காட்டுவீர்கள். மறுநாள் அது மறுபடியும் பரணுக்குப் போய்விடும். சில வீடுகளில் அது யாஷிகா. சில வீடுகளில் பென்டாக்ஸ் கே 1000. கொஞ்சம் வசதியாக இருந்தவர்களிடம் நிக்கான் எஃப்எம்2. அதன் ஷட்டரைக் கடைசியாக எந்த வருஷம் அழுத்தினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் கேமராவைக் கேட்டுத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

நானும் உங்களில் ஒருவன்தான். 1988-ல் பத்தாம் வகுப்பு முடித்த கையோடு, மயிலாடுதுறைப் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் எடுபிடியாகச் சேர்ந்தேன். முதல் ஒரு வருஷம் டார்க் ரூமில், அதாவது படம் கழுவுகிற இருட்டறையில், ட்ரே கழுவினேன், தண்ணீர் மாற்றினேன், காய்ந்த பிரிண்டை நிமிர்த்தினேன். பிறகு ரோல் கழுவ விட்டார்கள். அதற்குப் பிறகு பிரிண்ட் போட. நெகட்டிவில் பென்சில் வைத்து டச்சிங் செய்ய விட்டபோது எனக்கு மீசை முளைத்துவிட்டது. இப்போது வீட்டுக்குப் பின்னால், மாட்டுக்கொட்டகையாக இருந்த இடத்தை அடைத்து ஒரு டார்க் ரூம் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் ஒன்பது பேர் வருகிறார்கள். என்னிடம் ஓடுகிற கேமரா நான்கு. ஒன்பது பேருக்கு நான்கு என்பதுதான் என் கஷ்டம். நம் மாவட்டத்துப் பரண்களில் எத்தனை சும்மா கிடக்கின்றன என்று எனக்குத் தெரியும் என்பது அதைவிடப் பெரிய கஷ்டம்.

போன வருஷம் பக்கத்து ஊரில் ஒரு பழைய ஸ்டூடியோவை இடிக்கப் போகிறார்கள் என்று சேதி வந்தது. முதலாளி இறந்து இரண்டு வருஷம். பிள்ளைகள் வெளியூரில். நான் போய்ச் சேர்வதற்குள் சாமான் எல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. கடைக்கு ஓடினேன். நெகட்டிவைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போடுகிற என்லார்ஜரின் தண்டு இரும்புக் குவியலில் கிடந்தது. தலையைக் கழற்றி அலுமினியத்தில் போட்டிருந்தார்கள். சாக்கு ஒன்றில் கண்ணாடி நெகட்டிவ்கள், பாதி உடைந்து, ஒன்றோடொன்று ஒட்டி. வெந்நீரில் ஊறவைத்து மருந்தைச் சுரண்டி எடுத்தால் படத்துக்குச் சட்டம் போடுகிற கண்ணாடியாக விற்கலாம் என்றார் கடைக்காரர். தராசுக்குக் கீழே, மண்ணில், ஒரு 75 எம்எம் லென்ஸ் கிடந்தது. ஆறுக்கு ஆறு நெகட்டிவ் போடுகிற லென்ஸ். எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். ஒரு கீறல் இல்லை, பூஞ்சை இல்லை. முப்பது நாற்பது வருஷம் அந்த மனிதர் அதை எப்படிக் காப்பாற்றியிருக்கிறார் என்று நினைத்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது. ஐம்பது ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன்.

அந்த முதலாளியின் பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன். இது இன்னது, இன்னாருக்குப் பயன்படும் என்று அவர்களிடம் சொல்ல ஆளில்லை. சொல்லியிருக்க வேண்டியது நாம்தான், சங்கம்தான்.

படங்களையாவது தேடி வந்தவர்கள் உண்டு. புதுச்சேரியில் இருக்கிற பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் துணையோடு, தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்களைத் தேடிப்போய் டிஜிட்டலாக்கி வைத்தது. பெரிய காரியம். கருவிகளைத் தேடி அப்படி யாரும் நம்மிடம் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. கருவியைப் பாதுகாப்பது என்றாலே கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பது என்றுதான் நினைக்கிறோம். கேமராவுக்கு அது ஆகாது. ஓடாமல் கிடந்தால் கிரீஸ் இறுகும், ஷட்டர் மெதுவாகும், நம் கடலோரக் காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை படரும். ஒரு கேமராவை நல்லபடியாக வைத்திருக்க வேண்டுமானால் மாதம் ஒரு ரோலாவது அதில் ஓட வேண்டும். அதற்கு ஒரு பிள்ளையிடம் கொடுப்பதைவிட வேறு நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 19-ஐ எல்லாச் சங்கங்களும் உலகப் புகைப்பட நாளாகக் கொண்டாடுகிறோம். கேக் வெட்டுகிறோம், மூத்தவர்களுக்குச் சால்வை போடுகிறோம், ரத்த தானம்கூட நடத்துகிறோம். அந்த நாள் ஏன் வந்தது என்பதை மட்டும் ஒருமுறை நினைவுபடுத்துகிறேன். 1839-ல் அந்தத் தேதியில்தான் பாரிஸில், டாகேர் கண்டுபிடித்த புகைப்பட முறையை அராகோ என்ற அறிவியலாளர், அறிவியல் கழகத்தின் கூட்டத்தில் எல்லோருக்கும் விளக்கினார். பிரெஞ்சு அரசு டாகேருக்கு வருஷம் 6,000 பிராங்க்கும், அவருக்கு முன்பே இந்த வேலையில் இறங்கி இறந்துபோன நியெப்ஸின் மகனுக்கு 4,000 பிராங்க்கும் ஓய்வூதியம் கொடுத்து அந்த வித்தையை வாங்கி, யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று வெளியிட்டது. அதற்கு ஐந்து நாள் முன்பு இங்கிலாந்தில் மட்டும் காப்புரிமை பதிந்துவிட்டார்கள். அதனால் அங்கே காசு கட்டி அனுமதி வாங்கியவர்தான் அந்த முறையில் படம் எடுக்க முடிந்தது. ஆக, நாம் கொண்டாடுகிற நாள் ஒரு கண்டுபிடிப்பின் நாள் என்பதைவிட, அதை ஊருக்குக் கொடுத்த நாள். நம் தொழிலே ஒரு தானத்தில் தொடங்கியது.

அதனால் என் வேண்டுகோள் இது. வருகிற ஆகஸ்ட் 19-ல் ஒவ்வொரு சங்கமும், உறுப்பினர்கள் மனமுவந்து தருகிற பிலிம் கேமராக்களையும் டார்க் ரூம் சாமான்களையும் வாங்கி, கற்றுக்கொள்ள ஆசைப்படுகிற பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும். ஒரு சங்கத்துக்குப் பத்துக் கேமரா கிடைத்தாலும் போதும்.

இரண்டு கேள்விகள் வரும் என்று தெரியும். முதல் கேள்வி, இப்போது எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறதே, இந்தக் காலத்தில் பிலிம் எதற்கு?

என் வகுப்பில் பத்தாவது படிக்கிற ஒரு பெண். அவள் அம்மா பூ கட்டி விற்கிறவர். அவளுக்கு என்னுடைய யாஷிகா 635-ஐக் கொடுத்து, 400 ஸ்பீடு கறுப்பு வெள்ளை ரோல் ஒன்றை லோட் செய்ய வைத்தேன். காகிதத்திலிருக்கிற அம்புக்குறியைச் சரியான இடத்தில் நிறுத்தி மூட வேண்டும் என்பதை மூன்று தடவை காலி ரோலில் செய்து பழகினாள். பன்னிரண்டு படம்தான் அதில். அதை முடிக்க மூன்று வாரம் எடுத்துக்கொண்டாள். போனில் ஒரு நிமிஷத்தில் முப்பது படம் எடுக்கிற பிள்ளை. ஒவ்வொரு படத்துக்கும் நோட்டில் எழுதி வைத்திருந்தாள்: எத்தனை மணி, வெளிச்சம் எந்தப் பக்கம், லென்ஸ் திறப்பு எஃப் எத்தனை, ஷட்டர் ஸ்பீடு எத்தனை. அதில் ஒரு வரி: "காலை 4.20. டியூப் லைட். எஃப் 3.5, 1/15. அரிசி டிரம் மேல் வைத்து எடுத்தேன். மூச்சை அடக்கிக்கொண்டேன்." அம்மா பூ கட்டுகிற படம் அது.

கழுவுகிற அன்று நானும் அவளோடு நின்றேன். பிலிம் கழுவுகிற டெவலப்பர் மருந்து 20 டிகிரி இருக்க வேண்டும். நம் ஊர்க் குழாயில் மே மாதம் 30-க்கு மேலே வரும். மீன் கடையிலிருந்து ஐஸ் வாங்கிப் பாலிதீன் பையில் கட்டி, மருந்துப் பாட்டிலைச் சுற்றி வைத்து, தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தோம். (எங்கள் முதலாளி கோடையில் விடியற்காலை நாலு மணிக்கே டார்க் ரூமுக்குள் போய்விடுவார். ஐஸுக்குச் செலவு செய்ய மாட்டார்.) பன்னிரண்டில் ஐந்து நன்றாக வந்தது. இரண்டு வெளிச்சம் போதாமல் போயிற்று. ஒன்றில் ரோலைத் தள்ளாமல் இரண்டாவது தடவை அழுத்திவிட்டதால் தெருமுனைப் பிள்ளையார் கோயில்மேல் பள்ளிக்கூட வாசல் ஏறி நின்றது. பிரிண்ட் போடும்போது, சிவப்பு விளக்கில், ட்ரேயை ஆட்டிக்கொண்டே இருந்தாள். முதலில் கறுப்புப் புடவையின் மடிப்பு வந்தது. பிறகு நாரைச் சுற்றியிருந்த விரல். கடைசியாகத்தான் முகம். அவள் கத்தவில்லை, சிரிக்கவில்லை. "சார், அம்மாவுக்கு இந்தப் பக்கம் கன்னத்துல குழி விழுதுன்னு எனக்கு இதுவரைக்கும் தெரியாது" என்றாள்.

அந்தப் பெண் பார்க்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். இனி அவள் போனில் எடுத்தாலும் பார்த்துத்தான் எடுப்பாள். மறு வாரம் கேமராவை அவளிடமிருந்து வாங்கி அடுத்த பையனிடம் கொடுத்தேன். அவள் அதை என் கையில் கொடுத்தபோது லென்ஸ் மூடியைச் சரிபார்த்துவிட்டுக் கொடுத்தாள். அன்று ராத்திரிதான் இந்த மடலை எழுத வேண்டும் என்று தோன்றியது.

இரண்டாவது கேள்வி, பிலிம் கேமராவுக்கு இப்போது விலை வந்துவிட்டதே, ஏன் சும்மா கொடுக்க வேண்டும்? உண்மைதான். உலகம் முழுக்க இளைஞர்கள் பிலிமுக்குத் திரும்பியிருக்கிறார்கள். பென்டாக்ஸ் கம்பெனி 2024-ல் புதிதாக ஒரு பிலிம் கேமராவே வெளியிட்டது. உங்களிடம் ரோலிஃப்ளெக்ஸ் இருந்து, வீட்டில் மருத்துவச் செலவோ பெண் கல்யாணமோ இருந்தால், நல்ல விலைக்கு விற்றுக்கொள்ளுங்கள். அதில் ஒரு தப்பும் இல்லை, இந்தத் தொழில் நமக்குக் கொடுத்த ஓய்வூதியம் அது. நான் கேட்பது இரண்டாவது, மூன்றாவது கேமராவை. உதவியாளுக்கென்று வாங்கிய கே 1000-ஐ. வீட்டு விசேஷத்துக்கு வைத்திருந்த ஆக்ஃபா கிளிக் 3-ஐ. பரோடாவில் செய்து வந்த அந்தப் பெட்டிக் கேமராவை இன்று விற்றாலும் பெரிதாக ஒன்றும் தேறாது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு முதல் கேமராவாக அதைவிட நல்லது கிடையாது. திருப்புவதற்கு அதில் அதிகம் ஒன்றும் இல்லை. வெயில் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது ஒன்றுதான் வேலை.

கொடுக்க நினைப்பவர்கள் இறக்கியவுடன் ஒரு அரை மணி நேரம் உட்காருங்கள். முதலில், பின்மூடியைத் திறக்காதீர்கள். 35 எம்எம் கேமராவாக இருந்தால் ரீவைண்ட் குமிழை மெல்லச் சுற்றிப் பாருங்கள். இறுக்கம் தெரிந்தால் உள்ளே ரோல் இருக்கிறது. அதைச் சுற்றி எடுத்துக் கழுவக் கொடுங்கள், யாருடைய முகம் அதில் காத்துக்கொண்டிருக்கிறதோ. பிறகு பேட்டரிப் பெட்டி. பச்சை பூத்திருந்தால் காதுக் குச்சியில் வினிகர் தொட்டுத் துடைத்தால் போகும். கே 1000-க்கும் எஃப்எம்2-க்கும் பேட்டரி, வெளிச்சம் அளக்கிற மீட்டருக்கு மட்டும்தான், ஷட்டர் அது இல்லாமலே ஓடும். எழுபதுகளின் சில கேமராக்களுக்கு 1.35 வோல்ட் பாதரச பேட்டரி வேண்டும். அது இப்போது வருவதில்லை. 1.5 வோல்ட் போட்டால் மீட்டர் தப்பு சொல்லும். இதை ஒரு சீட்டில் எழுதி வையுங்கள், வாங்குகிற பிள்ளைக்கு முதல் ரோல் வீணாகாது.

பின்மூடி ஓரத்தில் வெளிச்சம் புகாமல் ஒட்டியிருந்த ஸ்பாஞ்ச் இந்நேரம் தாராக உருகியிருக்கும். ஸ்பிரிட் தொட்டுச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்தப் பள்ளத்தில் கறுப்புக் கம்பளி நூலை வைத்து ஒட்டினால் போதும். ஷட்டர் திரையில் மட்டும் விரல் பட வேண்டாம். ஸ்பீடு ஒவ்வொன்றையும் அழுத்திக் காதால் கேளுங்கள். ஒரு செகண்டும் அரை செகண்டும் எப்படி ஒலிக்க வேண்டும் என்று உங்கள் காதுக்குத் தெரியும், மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டியதில்லை. பெரிய கேமராவாக இருந்தால் லென்ஸுக்குப் பின்னால் மடிப்பு மடிப்பாக இருக்கிற பெல்லோஸுக்குள் டார்ச் அடித்து இருட்டில் பாருங்கள். ஓட்டை நட்சத்திரம் போலத் தெரியும்.

ஓடாததைக் கொடுக்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். கற்றுக்கொள்ள வந்த பிள்ளைக்கு ஒரு கலர் ரோல் இப்போது ஆயிரம் ரூபாயை ஒட்டி ஆகிறது. அம்மாவிடம் கெஞ்சி வாங்கிய ரோல் முழுக்க வெளிச்சம் புகுந்து வீணானால், அந்தப் பிள்ளை தன்மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டு விலகிவிடும். எங்களிடம் அப்படி ஒரு பையன் போய்விட்டான். கேமராவில்தான் கோளாறு என்று நான் கண்டுபிடிப்பதற்கு இரண்டு மாதம் ஆகிவிட்டது. அது இன்னும் என் மனதில் உறுத்துகிறது. ஆகவே, சங்கம் ஒரு நாள் கூலி கொடுத்து ஒரு கேமரா மெக்கானிக்கை உட்கார வைக்கட்டும். ஷட்டர் பிரிக்கத் தெரிந்தவர்கள் நம் மாவட்டங்களில் விரல்விட்டு எண்ணும்படிதான் மிச்சம் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அது மரியாதை. ஓடாத கேமராக்களை அவரிடமே உதிரிபாகத்துக்குக் கொடுத்துவிடலாம்.

கேமராவைவிட எனக்கு அவசரமாக வேண்டியது டார்க் ரூம் சாமான். டெவலப்பிங் டேங்க், தெர்மாமீட்டர், ட்ரே, கிளிப், என்லார்ஜர், டைமர், சிவப்பு பல்பு. பல்க் லோடர் யாரிடமாவது இருந்தால் கும்பிட்டுக் கேட்டு வாங்கிக்கொள்வேன். அதை வைத்து 100 அடி பிலிம் சுருளிலிருந்து 36 படம் ரோல் பதினெட்டு சுற்றலாம், செலவு நன்றாகக் குறையும். தேதி முடிந்த பேப்பரையும் தூக்கிப் போடாதீர்கள். ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் கம்பெனியின் 'இந்து' பேப்பர் பாக்கெட் இன்னும் சிலரிடம் பிரிக்காமல் இருக்கும். 1960-ல் தொடங்கிய கம்பெனி. நம் மலைமேல் செய்த பேப்பரில்தான் எங்கள் தலைமுறை பிரிண்ட் போடக் கற்றது. கம்பெனி மூடிவிட்டார்கள். அந்தப் பேப்பர் மங்கிப்போயிருந்தாலும், அதன்மேல் ஒரு வேப்பிலையை வைத்துக் கண்ணாடியால் அழுத்தி அரை மணி வெயிலில் வைத்தால், கேமராவே இல்லாமல் பழுப்பும் ஊதாவுமாக இலையின் உருவம் விழும். படத்தை நிலைக்க வைக்கிற ஹைப்போ மருந்தில் போட்டு எடுத்துக் கழுவி வைத்துக்கொள்ளலாம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

டார்க் ரூம் மருந்துகளை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள். லேபிள் போன பாட்டில், டெவலப்பரில் சேர்க்கிற மெட்டால் கட்டிதட்டியது, பெயர் தெரியாத பொடி எதுவும் பிள்ளைகள் கைக்குப் போகக் கூடாது. மெட்டால் தோலில் என்ன செய்யும் என்பது நம்மில் பலருக்கு விரலிடுக்கில் எழுதியிருக்கிறது.

கேமராவோடு ஒரு மணி நேரத்தையும் கொடுங்கள். மேடையில் வைத்து, படம் எடுத்து, கைதட்டி அனுப்பிவிட்டால் அந்தக் கேமரா அடுத்த பரணுக்குத்தான் போகும். கொடுக்கிறவரும் வாங்குகிறவரும் ஒரு பெஞ்சில் பக்கத்தில் உட்கார வேண்டும். உங்கள் கேமராவுக்கென்று ஒரு குணம் இருக்கும்: லீவரை முழுக்கத் தள்ளாவிட்டால் சிக்கும், 1/60 கொஞ்சம் மெதுவாக ஓடும், எதிர்வெயிலில் இடது ஓரம் மங்கும். அது எந்தப் புத்தகத்திலும் கிடையாது, உங்கள் கையில்தான் இருக்கிறது. முதல் ரோலை நீங்களே லோட் செய்து காட்டிக் கொடுங்கள். வாங்கியவருக்கு ஒரு நிபந்தனை போதும்: ஒரு வருஷம் தொடாமல் வைத்தால், இன்னொருவருக்குக் கொடுத்துவிட வேண்டும். பைக்குள் ஒரு தாளில் யாரிடமிருந்து யாருக்கு என்று பெயர்கள் மட்டும் எழுதிக்கொண்டே போகட்டும்.

இன்னொன்று. பெண் பிள்ளைகளுக்கு முதலில் கொடுங்கள். நம் ஸ்டூடியோக்களில் பெண்கள் கவுண்டரில் உட்கார்ந்தார்கள், படத்துக்குக் கலர் தீட்டினார்கள். டார்க் ரூம் கதவை அவர்களுக்கு நாம் திறக்கவில்லை. என் முதலாளி தன் மகளை உள்ளே விட்டதில்லை. அந்த அக்கா வாசலில் நின்று, "இன்னிக்கு எத்தனை பிரிண்ட் போட்டே?" என்று தினமும் என்னிடம் கேட்பார். இப்போதுதான் அந்தக் கேள்வி எனக்குப் புரிகிறது.

1989-ல், சேர்ந்து ஒரு வருஷம் முடிந்த அன்று, முதலாளி அந்த யாஷிகா 635-ஐ என்னிடம் தந்தார். சம்பளத்தில் பிடிக்கவில்லை. "இனிமே ட்ரே மட்டும் கழுவாத, ரோலும் கழுவு. உன்னோட ரோல்" என்றார். அதற்கு முன்பு அது அவருடைய முதலாளியிடம் இருந்ததாம். இந்த முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் அதை நான் வைத்துக்கொண்டதே அதிகம். ஆகஸ்ட் 19 அன்று அதை எங்கள் சங்கக் கூட்டத்துக்குக் கொண்டுவருகிறேன், ஒரு 120 ரோலோடு. பூக்காரம்மா மகளையும் வரச் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு என்னிடம் மூன்று கேமரா இருக்கும், வகுப்பில் எட்டுப் பேர் இருப்பார்கள். உங்கள் பரணில் இருப்பதை அன்றைக்கு எடுத்துக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
ஒரு டார்க் ரூம்காரன்